சென்டர், கேந்திரம், தார்க்குச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட்டத்துக்குள்ள இருக்கிற அந்த ஒரு புள்ளிக்கு சென்டர்னு ஏன் பேரு வந்துச்சு, அதுக்கும் ஜாதகத்துல வர்ற கேந்திரத்துக்கும் என்ன சம்பந்தம்னு ஒரு நாள் வீட்ல பேச்சு வந்துச்சு. அன்னையிலருந்து யார் வந்தாலும் நான் இதையே ஓட்டிட்டிருக்கேன்னு வீட்ல புகார். சரி, திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டா கேட்கிறவங்களுக்கு லிங்க் அனுப்பிட்டு நான் காப்பி குடிக்கப் போயிடலாம்ல. வரிசையா படிக்கணும்னு கட்டாயம் இல்ல.

சென்டர்னா மூல அர்த்தம் என்ன? நடுதானே?

இல்ல, முள். கிரேக்கத்துல கென்ட்ரான்னு ஒரு சொல். கூரான முனை, குத்துற முள்ளு, தேனீ குளவி தேளோட கொடுக்கு, மாட்டையும் குதிரையையும் விரட்டற குச்சி, எல்லாத்துக்கும் இந்த ஒரே சொல்தான். கென்டெய்ன்னா குத்துறது, கொட்டுறது. அதுலருந்து வந்தது கென்ட்ரான், அதாவது குத்துற சாமான்.

நம்ம ஊர்ல இதுக்கு அச்சு அசலா ஒரு சாமான் இருந்துச்சு, தார்க்குச்சி. சில ஊர்ல தாத்துக்கோல்னு சொல்வாங்க, ஏட்டுல தாற்றுக்கோல்னு இருக்கும். எங்க தாத்தா வீட்ல அதை தாழ்வாரத்துல கூரை ஓலைக்குள்ள சொருகி வெச்சிருப்பாரு. நல்லா முத்தின மூங்கில், கைபட்டு கைபட்டு வழவழன்னு ஆனது, நுனியில ஒரு சின்ன ஆணியோட தலையை நறுக்கிட்டு கூர் வெளிய தெரியற மாதிரி இறக்கியிருப்பாரு. வண்டி ஓட்டறப்ப மாட்டை அடிக்க மாட்டாரு, தொடைப் பக்கம் அந்த ஆணி லேசா பட்டும் படாம ஒரு தொடு, அவ்வளவுதான், மாடு எட்டு போடும். கிரேக்கத்துல ஒரு வண்டிக்காரன் கென்ட்ரான்னு சொன்னா அவன் மனசுல வந்து நின்னது இதுதான்.

மாட்டைக் குத்துற குச்சி எப்படி ஜியாமெட்ரிக்குள்ள வந்துச்சு?

ஸ்கூல்ல எட்டாவது ஒன்பதாவதுல வெச்சிருந்த ஜியாமெட்ரி பாக்ஸை நினைச்சுப் பாருங்க, தகர டப்பா, உள்ள உடைஞ்ச செட் ஸ்கொயர், நுனி மழுங்கின பென்சில், அப்புறம் காம்பஸ் (புத்தகத்துல கவராயம்னு போட்டிருப்பாங்க, வாயால யாரும் சொல்லி நான் கேட்டதில்ல). காம்பஸுக்கு ரெண்டு கால், ஒண்ணுல பென்சில், இன்னொண்ணுல ஊசி. ஊசிக் கால் ஒரே இடத்துல குத்திட்டு நிக்கும், பென்சில் கால் சுத்தி வரும். ஊசி கொஞ்சம் நகர்ந்தாலும் வட்டம் ஆரம்பிச்ச இடத்துல போய் சேராது, கோணலா முடியும். எங்க கணக்கு டீச்சர் அதுக்குத்தான் "முள்ளை நகட்டாதடா, முள்ளை நகட்டாதடா"ன்னு கத்திட்டே இருப்பாங்க. அந்த முள்ளு குத்தின இடம்தான் கென்ட்ரான்.

குத்துற சாமானோட பேரு மொதல்ல காம்பஸோட நிலையான முனைக்கு வந்துச்சு, அங்கேருந்து அந்த முனை குத்துற புள்ளிக்கு. காகிதத்துல உண்மையிலேயே ஒரு ஓட்டை விழுது பாருங்க, அதுக்குத்தான் பேரு. நாம நடுன்னு சொல்றப்ப வட்டம் ஏற்கெனவே போட்டாச்சு, அதுக்குள்ள நடுவைத் தேடறோம். கென்ட்ரான்னு சொல்றப்ப வட்டம்னு ஒண்ணு இன்னும் வரவே இல்ல, முதல்ல குத்து விழுது, அப்புறம்தான் வட்டம். எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

காம்பஸ் மட்டும்தானா? வேற எதாவது சாட்சி இருக்கா?

பம்பரம்! பிளேட்டோ எழுதின குடியரசு, நாலாவது புத்தகம். ஒரே பொருள் ஒரே நேரத்துல அசையாம நிக்கவும் அசையவும் முடியுமான்னு ஒரு வாக்குவாதம் போயிட்டிருக்கும். அதுக்கு உதாரணமா பம்பரத்தைக் கொண்டு வர்றாங்க, தன்னோட கென்ட்ரானை ஒரே இடத்துல ஊன்றிக்கிட்டு சுத்துற பம்பரம் நிக்குதா ஓடுதான்னு. அங்க கென்ட்ரான்னா பம்பரத்தோட ஆணி. தெருவுல பம்பரம் விட்டவங்களுக்கு விளக்கவே வேணாம், ஆணி தரையில ஒரே குழியில நின்னு "தூங்கும்", உடம்பு மட்டும் சுத்தும், கையில ஏந்தினா உள்ளங்கையில அந்த ஆணி குறுகுறுன்னு துளைக்கும்.

யூக்ளிட் இதைப் பத்தி என்ன எழுதியிருக்கார்?

சுமார் கி.மு. 300, அலெக்சாண்ட்ரியா. அவரோட எலமென்ட்ஸ் முதல் புத்தகத்துல 15-வது வரையறை வட்டம். ஒரே கோட்டால சூழப்பட்ட உருவம், உள்ள இருக்கிற ஒரு புள்ளியிலருந்து அந்தக் கோடு வரைக்கும் போடுற நேர்கோடுகள் எல்லாம் ஒரே நீளம். 16-வது வரையறை ஒரே வரி, அந்தப் புள்ளிக்கு கென்ட்ரான்னு பேரு. அவ்வளவுதான், முள்ளு கொடுக்கு மாடு எதையும் அவர் பேசல. அவர் காலத்துக்குள்ள அந்தச் சொல் கணக்குப் பாடத்துக்குள்ள நல்லா குடியேறிடுச்சு.

ஆனா ஒரு வேடிக்கை, ஆரத்துக்கு யூக்ளிட்கிட்ட தனியா ஒரு பேரே இல்ல! "கென்ட்ரான்லருந்து வர்றது"ன்னு சுத்தி வளைச்சுத்தான் சொல்வார், புத்தகம் முழுக்க அப்படித்தான். ரேடியஸ்ங்கிறது லத்தீன் சொல், சக்கரத்தோட ஆரக்கால்னு அதுக்கு ஒரு அர்த்தம். நம்ம ஆரமும் ஆரக்கால்தான், மாட்டு வண்டியிலருந்து இறங்கின பாடு இல்ல.

அப்ப கிரேக்கத்துல நடுவுக்குன்னு வேற வார்த்தையே இல்லையா?

நல்லா இருக்கு, மெசோன்னு சொல்வாங்க. மெசபடோமியால முன்னாடி வர்ற மெச இதுதான், ரெண்டு ஆத்துக்கு நடுவுல இருக்கிற நாடு. லத்தீன் மெடியஸ், சமஸ்கிருத மத்ய, கிரேக்க மெசோஸ் எல்லாம் ஒரே குடும்பத்துப் பங்காளிங்க. நடுன்னு சொல்ல கையிலயே சொல் இருந்தும் வட்டப் புள்ளிக்கு அவங்க முள்ளைத்தான் எடுத்தாங்க.

பழைய புத்தகங்கள்ல கென்ட்ரான் முள்ளாவே வர்ற இடம் எதாவது?

நிறைய. ஹோமரோட இலியட், 23-வது காண்டத்துல ரதப் பந்தயம் ஒண்ணு வரும். தியோமெடீஸ்னு ஒரு கிரேக்க வீரன் ஜெயிக்கிற நேரத்துல அவன்மேல கடுப்புல இருந்த அப்போலோ தெய்வம் அவன் கையிலருந்த சாட்டையைத் தட்டி விட்டுடறாரு. முன்னாடி போற குதிரைங்க இன்னும் வேகமா போகுது, இவனோட குதிரைங்க கென்ட்ரான் இல்லாம தடுமாறுது, அவனுக்கு ஆத்திரத்துல கண்ணீரே வந்துடுது. இந்தக் காட்சியை ஞாபகம் வெச்சுக்கங்க, கீழ திரும்ப வரும்.

சோபோக்ளீஸோட ஈடிபஸ் நாடகத்துல முச்சந்தி சண்டை. வண்டியில வந்த கிழவர் வழிவிடாத வாலிபன் ஈடிபஸ் மண்டையில ரெட்டை முள்ளு வெச்ச குச்சியால போடுவார், அதுவும் கென்ட்ரான்தான். அந்த ஒரு அடியில ஆரம்பிக்குது அத்தனை வினையும்.

பைபிள் தெரிஞ்சவங்களுக்கு இன்னும் கிட்டத்துல காட்டலாம். புதிய ஏற்பாடு கிரேக்கத்துல எழுதினது. அப்போஸ்தலர் 26:14-ல பவுலுக்குக் கேட்கிற குரல், "முள்ளில் உதைக்கிறது உனக்குக் கடினமாம்". அந்த முள் கென்ட்ரான். மாடு தார்க்குச்சியை எட்டி உதைச்சா யாருக்கு வலிக்கும்? அதுதான் பழமொழி. அப்புறம் 1 கொரிந்தியர் 15:55, "மரணமே! உன் கூர் எங்கே? பாதாளமே! உன் ஜெயம் எங்கே?" துக்க வீட்டுல எத்தனை தடவை கேட்டிருப்போம், அந்தக் கூர் கூட கென்ட்ரான்தான். தமிழ்ல பெயர்த்தவங்க ஒரு இடத்துல முள், இன்னொரு இடத்துல கூர்னு போட்டிருக்காங்க, ரெண்டுமே கச்சிதம். மரணமே உன் சென்டர் எங்கேன்னு போட்டிருந்தா எப்படி இருந்திருக்கும்!

கென்ட்ரான் எப்படி சென்டர்னு ஆச்சு? க எங்க போச்சு?

ரோமானியர்கள் அதை அப்படியே எடுத்து கென்ட்ரும்னு வெச்சுக்கிட்டாங்க. ரோமானிய எழுத்தாளர் சிசரோ எழுதறப்ப இது அவங்க கென்ட்ரான்னு சொல்றதுன்னு அயல் சொல்லாவே காட்டுறார். கி.மு. முதல் நூற்றாண்டுக் கட்டடக்காரர் விட்ருவியஸ் அதை லத்தீன் சொல்லாவே எழுதறார், அதுவும் எப்படி? ஒரு ஆளை மல்லாக்கப் படுக்க வெச்சு கை காலை விரிக்கச் சொல்லி, காம்பஸோட கென்ட்ரும்மை தொப்புள்ல வெச்சு சுத்தினா விரல் நுனியெல்லாம் வட்டத்துல படும்னு. லியோனார்டோ டாவின்சி வரைஞ்ச அந்த நாலு கை நாலு கால் மனுஷன் படம் இந்த வரியிலருந்து வந்ததுதான். இங்கயும் பாருங்க, கென்ட்ரும்னா காம்பஸோட ஊசி, இன்னும் முள்ளு வாசனை போகல.

பின்னாடி லத்தீன் பேச்சு மாற மாற எ, இ-க்கு முன்னாடி வர்ற க சத்தம் இளகிடுச்சு. இத்தாலிக்காரங்க வாயில ச்சென்ட்ரோ, பிரெஞ்சுல ஸ சத்தம், பிரெஞ்சு வழியா 14-ம் நூற்றாண்டு இங்கிலீஷுக்குள்ள சென்டர். ஆக கிரேக்கத்து க-வை இங்கிலீஷ் தொலைச்சுடுச்சு. நம்ம கேந்திரம் இன்னும் பத்திரமா வெச்சிருக்கு.

கடைசி ரெண்டு எழுத்து அமெரிக்காவுல er, பிரிட்டன்ல re, எது சரி?

ரெண்டும் சரி. ஷேக்ஸ்பியர், மில்டன் காலத்து இங்கிலீஷ்ல இன்னைக்கு அமெரிக்கன்னு சொல்ற எழுத்துதான் அதிகம் புழங்கிச்சு. 1755-ல ஜான்சன் தன்னோட அகராதியில பிரெஞ்சு மாதிரி எழுதினதை எடுத்ததும் பிரிட்டன் அதுல நின்னுடுச்சு, 1828-ல வெப்ஸ்டர் மத்ததை எடுத்தார், அமெரிக்கா அதுல நின்னுடுச்சு. தமிழ்ல எழுதினா இந்தத் தொல்லையே இல்ல.

கேந்திரம் சமஸ்கிருதச் சொல்தானே? அதுலருந்துதான் கிரேக்கத்துக்குப் போச்சுன்னு வாட்ஸ்ஆப்ல பார்த்தேனே?

நானும் பார்த்தேன், குடும்ப க்ரூப்லயே வந்துச்சு. நமக்கு கேந்திரம் சமஸ்கிருதத்துலருந்து வந்துச்சுங்கிறது உண்மை. ஆனா சமஸ்கிருதத்துக்கு அது கிரேக்கத்துலருந்து போச்சு. எப்படிச் சொல்றோம்னா, கிரேக்கத்துல இந்தச் சொல்லுக்கு முழுக் குடும்பமும் இருக்கு, குத்துறதுன்னு வினைச்சொல், முள், கொடுக்கு, ஊசிவேலைப்பாடுன்னு கிளை கிளையா, ஹோமர் காலத்துலருந்தே. சமஸ்கிருதத்துல கேந்திரத்துக்கு அப்பா அம்மா கிடையாது, எந்தத் தாதுலருந்தும் (வினை வேர்) பிறக்கல, வேதத்துலயும் இல்ல. யாகக் குண்டத்துக்கு முளையடிச்சு கயிறு கட்டி வட்டம் போடச் சொல்ற சுல்ப சூத்திரங்கள்ல நடுவுக்கு மத்யம்தான் வரும். கேந்திரம் திடீர்னு கிரகக் கணக்கு, ஜோசியப் புத்தகங்கள்ல முளைக்குது, அதுவும் தனியா வரல, ஒரு கூட்டத்தோட வருது. கூட்டத்தைப் பத்தி ரெண்டு கேள்வி தள்ளி சொல்றேன்.

வராகமிகிரர், 6-ம் நூற்றாண்டுல ஜோசியப் புத்தகங்கள் எழுதினவர், அவருக்கு இதுல எந்த மானப் பிரச்னையும் இருக்கல. பிருஹத் சம்ஹிதையில, யவனர்கள் (கிரேக்கர்கள்) மிலேச்சர்கள்தான், ஆனா இந்த சாஸ்திரம் அவங்ககிட்ட நல்லா நிலைச்சிருக்கு, அதனால அவங்களையும் ரிஷிங்க மாதிரி பூஜிக்கிறாங்கன்னு ஒரு சுலோகத்தை எடுத்துப் போடறார். நம்ம க்ரூப்காரங்களுக்கு இருக்கிற பதட்டம் அவருக்கு இல்ல.

கேந்திரம்னா சென்டர்னா, ஜாதகக் கட்டத்துல அது ஏன் ஓரத்துல இருக்கு?

இதைக் கேட்டவங்க கையைக் குலுக்கணும். நம்ம ஊர் ராசிக் கட்டத்தை எடுத்துக்கங்க, சுத்தி பன்னெண்டு கட்டம், நடுவுல ராசின்னோ நவாம்சம்னோ எழுதி சும்மா விட்ட பெரிய சதுரம். அந்த நடு சதுரம் கேந்திரம் கிடையாது. லக்னத்துலருந்து எண்ணி 1, 4, 7, 10, இந்த நாலும்தான் கேந்திரம். மேஷ லக்னம்னா மேஷம், கடகம், துலாம், மகரம், நாலுமே விளிம்புல. சென்டர்னா நடுன்னே நினைச்சிட்டிருந்தா இது எந்த ஜென்மத்துலயும் புரியாது.

கிரேக்க ஜோசியத்துல ராசி வட்டத்துல நாலு முக்கியமான இடங்களுக்கு கென்ட்ரான்னு பேரு. கிழக்குல ராசி உதிக்கிற இடம், தலைக்கு மேல உச்சி, மேற்குல மறையற இடம், காலுக்குக் கீழ பாதாளத்துல உச்சிக்கு நேரெதிர் இடம். அடிவானமும் உச்சிக்கோடும் ராசி வட்டத்தை வெட்டுற நாலு இடம்னு சொல்லலாம், வட்டத்துமேல நாலு ஆணி அடிச்ச மாதிரி நான் மனசுல போட்டுக்கறேன். லத்தீன்காரங்க இதை கதவுக் கீல்னு பேர் மாத்திட்டாங்க. நாம பேரையே மாத்தல, கென்ட்ரான், கேந்திரம், அதே 1, 4, 7, 10. கேந்திராதிபத்திய தோஷம்னு ஜோசியர் சொல்லி யாரோட கல்யாணமாவது தள்ளிப் போயிருந்தா, அந்தப் பேர்ல இருக்கிறது ஒரு கிரேக்க முள்.

இன்னொண்ணும் உண்டு, சூரிய சித்தாந்தம் மாதிரி கணிதப் புத்தகங்கள்ல கேந்திரம்னா ஒரு கோண அளவு, கிரகம் தன்னோட உச்சத்துலருந்து எவ்வளவு தள்ளி இருக்குங்கிற கணக்கு. அங்கயும் நடு இல்ல. வட்டத்தோட மையம்ங்கிற அர்த்தத்துல இன்னைக்கு இந்திக்காரங்க கேந்திரம்னு சொல்றாங்களே, அந்த அர்த்தத்துலயா வந்துச்சுன்னா இல்ல, நம்ம பக்கத்துக்கு வந்தப்ப அது வானத்துப் புள்ளியாத்தான் வந்து இறங்கிச்சு.

ஜாதகத்துல வேற கிரேக்க சொல் இருக்கா?

ஒரு டஜனுக்கு மேல. 2, 5, 8, 11-க்கு பணபரம்னு பேரு, கிரேக்கத்துல எபனபோரா, பின்னாடி ஏறி வர்றது. 3, 6, 9, 12 ஆபோக்லிமம், கிரேக்கத்துல அபோக்லிமா, சரிஞ்சு இறங்கறது. கேந்திரம், பணபரம், ஆபோக்லிமம், மூணும் ஒரே செட், அங்கயும் இதே வரிசை. கூட்டத்தோட வந்துச்சுன்னு சொன்னது இதைத்தான், ஒரு சொல் தற்செயலா ஒத்துப் போகலாம், மூணு சொல் அதே பன்னெண்டு வீட்டை அதே மாதிரி பங்கு போட்டுக்கிட்டு ஒத்துப் போகாது.

ஏழாம் வீட்டுக்கு ஜாமித்ரம்னு ஒரு பேர் உண்டு, முகூர்த்தம் பார்க்கிறவங்க சொல்வாங்க. அது டியாமெட்ரான், அதாவது டயமீட்டர், விட்டம்! லக்னத்துலருந்து வட்டத்துக்குக் குறுக்கா விட்டம் போட்டா இடிக்கிற எதிர்ப்பக்கம்தான் ஏழு. கல்யாணத்துக்குப் பார்க்கிற வீடு அசல் ஜியாமெட்ரிச் சொல்.

காலண்டர்ல தினமும் பார்க்கிற ஹோரை, அது கிரேக்க ஹோரா, இங்கிலீஷ்ல மணிக்குச் சொல்ற hour-ம் அதேதான். இதுக்கு நம்ம ஆளுங்க ஒரு அழகான கதை வெச்சிருந்தாங்க, அஹோராத்ரம்னா பகலும் ராவும், அதுல முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் வெட்டினா ஹோரா. வராகமிகிரரே பிருஹஜ்ஜாதகத்துல இதைச் சொல்றார், ஆனா "சிலர் இப்படிச் சொல்றாங்க"ன்னு ஒரு வார்த்தை சேர்த்துட்டுத்தான் சொல்றார், உஷாரான மனுஷன். அதே புத்தகத்துல ராசிகளுக்கு கிரியம், தாவுரி, ஜிதுமம், லேயம், பாதோனம்னு இன்னொரு பட்டியலும் இருக்கு, எல்லாம் கிரேக்கப் பேர், லியோன் லேயம் ஆயிடுச்சு, பார்தெனோஸ் பாதோனம் ஆயிடுச்சு.

யவனர்கள் முசிறிக்கே வந்தாங்களே, சங்க காலத்துலயே நேரா தமிழுக்கு வந்திருக்கக் கூடாதா?

ஆசைதான், ஆனா சொல்லே காட்டிக் கொடுத்துடுது. கிரேக்கத்துல அது குறில், கெ-ன்னு ஆரம்பிக்கும். தமிழ்ல எ, ஏ ரெண்டும் இருக்கு, நேரா வாங்கியிருந்தா கெ-ன்னு வெச்சுக்க நமக்கு ஒரு கஷ்டமும் இல்ல. சமஸ்கிருதத்துல எகரக் குறில் கிடையாது, ஏ மட்டும்தான், அதனால அங்க போனதும் கே-ன்னு நீண்டுடுச்சு. நம்மகிட்ட அந்த நீண்ட கே-தான் வந்திருக்கு. சுங்கச்சாவடியில முத்திரை குத்தின மாதிரி, எந்த வழியா வந்துச்சுன்னு அந்த நெடில் எழுத்துலயே இருக்கு.

ஆனா நேரா வந்ததா ஆய்வாளர்கள் காட்டுற சொல் வேற இருக்கு. முல்லைப்பாட்டுல பாசறைக் காவலுக்கு நிக்கிற யவனரைச் சொல்றப்ப "மத்திகை வளைஇய"ன்னு வரும். மத்திகைன்னா குதிரைச் சாட்டை, கிரேக்கத்துல மாஸ்டிக்ஸ். இப்ப மேல சொன்ன இலியட் காட்சிக்கு வாங்க. அப்போலோ தியோமெடீஸ் கையிலருந்து தட்டி விட்டது மாஸ்டிக்ஸ், குதிரைங்க தடுமாறினது கென்ட்ரான் இல்லாம, ரெண்டு சொல்லும் மூணே வரி இடைவெளியில நிக்குது. ஒரே ரதத்துல இருந்த ரெண்டு சாமான். சாட்டை கடல் வழியா யவனன் இடுப்போட முல்லைப்பாட்டுக்கு வந்துச்சு, முள்ளு அலெக்சாண்ட்ரியா போய் கணக்குப் படிச்சு, வானத்துக்கு ஏறி, சமஸ்கிருதத்துக்குள்ள புகுந்து சுத்தி வந்து நம்ம ஜாதகக் கட்டத்துல உட்கார்ந்துச்சு. இதை முதல் தடவை கவனிச்சப்ப ராத்திரி மணி ஒண்ணு, வீட்ல யாரையும் எழுப்ப முடியல.

அரபியில மர்கஸ்னு சொல்றாங்களே, அதுவும் இதிலருந்து வந்ததா?

சொல் வேற, யோசனை அதே. நம்ம ஊர் முஸ்லிம் வீடுகள்ல மர்கஸ்னா தெரியும். அரபியில அந்த வேருக்கு ஈட்டியைத் தரையில குத்தி நிறுத்துறதுன்னு அர்த்தம், ஈட்டி ஊன்றின இடம் மர்கஸ். யூக்ளிடை பாக்தாத் பக்கம் 9-ம் நூற்றாண்டுல அரபியில பெயர்த்தப்ப வட்டத்தோட புள்ளிக்கு இந்தச் சொல்தான். கிரேக்கன் ஊசியைக் குத்தினான், அரபி ஈட்டியைக் குத்தினான்.

அப்ப கேந்திர சர்க்கார்னா?

வேர்ப்படி பார்த்தா தார்க்குச்சி சர்க்கார். மத்திய அரசுன்னா நடு அரசு. ஒன்றிய அரசா மத்திய அரசாங்கிற சண்டைக்குள்ள நான் வரல, எனக்கு முள்ளு போதும். தினசரிப் பத்திரிகைங்க திருகோணமலையைப் பத்தி எழுதினா "கேந்திர முக்கியத்துவம் வாய்ந்த துறைமுகம்"னு போடுவாங்க பாருங்க, அது நல்ல பிரயோகம், திருகோணமலை எதுக்கும் நடுவுல இல்ல, ஆனா காம்பஸ் ஊசியை எங்க ஊன்றலாம்னு பார்த்தா அங்கதான் ஊன்றத் தோணும்.

சென்டிமீட்டர், பர்சென்ட், அஞ்சு சென்ட் நிலம், இதெல்லாம்?

சம்பந்தமே இல்ல. அது லத்தீன் கென்டும், நூறு. சமஸ்கிருத சதம் அதோட உறவு, சதவீதத்துல இருக்கு. ஒரு சென்ட் நிலம்னா ஏக்கர்ல நூத்துல ஒரு பங்கு, 435.6 சதுர அடி. சட்டையில அடிச்சுக்கிற சென்ட் மூணாவது ஆள், அதுக்கும் இந்த ரெண்டுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல.

முள் அர்த்தம் இன்னைக்கு எங்கயாவது மிச்சம் இருக்கா?

ஆஸ்பத்திரியில இருக்கு. நுரையீரலைச் சுத்தி நீர் கோத்துக்கிட்டா ஊசி போட்டு எடுப்பாங்க, அதுக்கு தோராசென்டெசிஸ்னு பேரு, கர்ப்பப்பையில பனிக்குட நீரை ஊசியால எடுக்கிறது அம்னியோசென்டெசிஸ். சென்டெசிஸ்னா குத்துறது, நேரா கென்டெய்ன் வினைச்சொல்லோட பிள்ளை. எங்க சித்தப்பாவுக்கு எடுத்தப்ப ரிப்போர்ட்ல அந்தச் சொல்லைப் பார்த்துட்டு வராண்டாவுல உட்கார்ந்து சித்திக்கு கிரேக்கம் விளக்கிட்டிருந்தேன், சித்தி என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கு. கிரீஸ்ல இன்னைக்கும் தேனீயோட கொடுக்கு கென்ட்ரி, துணியில ஊசியால பூவேலை பண்றது கென்டிமா, பஸ்ல ஏறி டவுனுக்குள்ள போகணும்னா கென்ட்ரோ.

எக்சென்ட்ரிக்னு கிறுக்குப் பிடிச்ச ஆளைச் சொல்றது?

அதுவும் வட்டத்துலருந்து வந்ததுதான். எக்னா வெளிய, கென்ட்ரான்லருந்து விலகினது. வருஷத்துல நாலு பருவமும் ஒரே நீளம் இல்ல, கிரேக்க வானியல் அறிஞர் ஹிப்பார்க்கஸ் கணக்குப்படி வசந்தம் 94½ நாள், கோடை 92½ நாள், மீதி ரெண்டும் அதைவிடக் குறைச்சல். சூரியன் ஒரே சீரா வட்டத்துல போகுதுன்னா இது எப்படி? வட்டத்தோட முள்ளு பூமி மேல இல்ல, கொஞ்சம் தள்ளி இருக்குன்னு தீர்வு சொன்னாங்க, கி.பி. 2-ம் நூற்றாண்டுல இன்னொரு வானியல் அறிஞர் டாலமியும் அதையே எடுத்துக்கிட்டார். ஊர் ஒரு முள்ளைச் சுத்தி வந்தா தான் மட்டும் வேற முள்ளைச் சுத்தற மனுஷனுக்கு அந்தப் பேர் ரொம்பப் பின்னாடி வந்துச்சு.

மத்த ஜியாமெட்ரி சொல்லும் இப்படித்தானா?

ஏறக்குறைய. டிரபீசியம்னா குட்டி மேசை, கியூப்னா பகடைக்காய், சிலிண்டர்னா உருளை, பிரிசம்னா ரம்பத்தால அறுத்தது, ஸ்பியர்னா பந்து. தச்சுப் பட்டறையிலயும் விளையாடற தெருவுலயும் கிடந்த சாமானையெல்லாம் பொறுக்கி எடுத்துட்டுப் போனாங்க. ஒவ்வொண்ணுக்கும் இதே நீளத்துக்கு எழுதலாம், ஆனா காப்பி ஆறிடும்.

ஜோசியர்கிட்ட இதைச் சொன்னா கோபப்பட மாட்டாரா?

சொல்லியே பார்த்துட்டேன். எங்க ஊர்ல எழுபது வயசு ஜோசியர் ஒருத்தர், அப்பாவுக்குப் பழக்கம். போன தடவை ஊருக்குப் போனப்ப திண்ணையில உட்கார்ந்து கென்ட்ரான், எபனபோரா, யவனர் எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டினேன், இன்னைக்கு இவரைத் திகைக்க வைக்கப் போறோம்னு நினைப்பு. அவர் வெத்தலைக்கு சுண்ணாம்பு தடவிக்கிட்டே "இது என்ன தம்பி புதுசா, யவனாச்சாரியார்னு எங்க புஸ்தகத்துலயே பேர் இருக்கே"ன்னார். அப்புறம் என் ஜாதகத்தை எடுக்கச் சொல்லி கட்டத்துல விரலை வெச்சு எண்ணினார். "அதெல்லாம் சரி, உனக்கு ஏழுல சனி நிக்குது, நீ சொல்ற அந்த முள்ளுலதான். அதுக்கு உன் கிரேக்கத்துல எதாவது பரிகாரம் போட்டிருக்கா?"